விதைக்காத கடலை

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை என்றால் காலை ஆறு இருபத்தைந்துக்கு நல்லகாமன் தோட்டத்து மோட்டார் நின்றுவிடும். கரண்டு போயிருக்காது, கிணறும் வற்றியிருக்காது. மோட்டார் ஓடினால் போனில் பேசுவது எதிராளிக்குக் கேட்காது, அதனால்தான்.

தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாகஜோதி, குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றதைப் பார்த்தாள். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைத் தூணில் தொங்கிய ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாத பாவனை. அதை அவள் ஒரு வருஷமாகப் பழகி வைத்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் உள்ளே வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிட வேண்டும், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ரேடியோவில் தினமும் காலையில் 'வெள்ளாமை நேரம்' நடத்தும் அழகுபாண்டி, நாகஜோதியின் கூடப்பிறந்த அண்ணன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகன் சோணைராஜாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பையனை உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அந்த நேரத்தில் அழகுபாண்டி மைக் முன்னால் உட்கார்ந்து, ஆற்றில் வெள்ளம் வருகிறது, கரையோரம் மாடு கட்டியிருப்பவர்கள் அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சீர்த்தட்டுகளோடு அவன் வந்து இறங்கியபோது மூன்று மணி நேரம் தாமதம். பையன் அதற்குள் நாகஜோதியின் ஒன்றுவிட்ட அண்ணன் காளையின் மடியில் உட்கார்ந்து, காது குத்திக்கொண்டு, அழுது ஓய்ந்து, தூங்கியும் போயிருந்தான்.

"ஊருக்கெல்லாம் மாமன். எம்மகனுக்கு மட்டும் மடி இல்லயாக்கும்" என்று சபை நடுவில் சொன்னான் நல்லகாமன். தட்டுகள் மூடிய துணி விலக்காமலே திரும்பிப் போயின. முறையாக வந்து கூப்பிடாமல் இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அழகுபாண்டி சொன்னான். அந்த ஆளோடு இனி எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது என்று நல்லகாமன் சொன்னான். இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். இடையில் கிடந்து தவித்தது நாகஜோதிதான்.

போன வருஷம் கத்தரியில் காய்ப்புழு விழுந்தது. மருந்துக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் அடித்துப் பார்த்தும் புழு அசைந்து கொடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை நல்லகாமன் மோட்டாரை நிறுத்தினான். துண்டைப் போனில் சுற்றிக்கொண்டு வானொலிக்குக் கூப்பிட்டான். பேச்சுவார்த்தை கிடையாது என்று சொன்னது அழகுபாண்டியோடுதானே? வானொலி நிலையத்தோடு அவனுக்கு என்ன பகை?

துண்டு என்ன, கம்பளியே சுற்றினாலும் அந்தக் குரலை அழகுபாண்டிக்குத் தெரியாதா? ரெண்டாவது வார்த்தையிலேயே பிடித்துவிட்டான். காட்டிக்கொள்ளவில்லை, பதிலைச் சொன்னான். புழு போயிற்று, போன் கால் நிற்கவில்லை. அன்றிலிருந்து வாரா வாரம் மச்சானும் மாப்பிள்ளையும், முன்பின் தெரியாதவர்களைப் போலக் கத்தரி பேசுகிறார்கள். கரட்டுப்பட்டியே அதைக் கேட்கிறது. டீக்கடையில் அந்த ஐந்து நிமிஷமும் யாரும் கிளாஸைக்கூட சத்தமாக வைப்பதில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். அழகுபாண்டி ஊர் உலகத்தையே மாப்ள என்று கூப்பிடுகிறவன். மேலூர்க்காரரும் மாப்ள, சோழவந்தான்காரரும் மாப்ள. நிஜ மாப்பிள்ளையான நல்லகாமனை மட்டும் "நேயரே" என்பான்.

இப்போது இளையவள் தமிழ்வாணிக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காதுகுத்து. இன்னும் மூன்று நாள்தான். பத்திரிகையில் 'தாய்மாமன் சீர் காலை 8.30' என்று அச்சடித்திருந்தது. எந்தத் தாய்மாமன் என்று அச்சடிக்கவில்லை. ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது, ஒத்தக்கடையில் அழகுபாண்டியின் வீடு மட்டும் பாக்கி.

ரேடியோவில் அழகுபாண்டியின் குரல் வந்தது. "வர்ற ஞாயித்துக்கெழம காலையில ஒம்போதுல இருந்து பதினோரு மணி வரைக்கும் மேலூர் ரோட்டுல விவசாயிகள் விழா. நேரடி ஒலிபரப்பு. பேசப் போறது உங்க அழகுபாண்டி. மறந்துறாதீங்க மாப்ள."

நாகஜோதி ரேடியோவை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்தான் காதுகுத்து முகூர்த்தம். போன தடவை வெள்ளம், இந்தத் தடவை விழாவா?

"இப்ப ஒரு நேயர் வந்திருக்காரு. வணக்கம், வெள்ளாமை நேரம். யாரு பேசுறீங்க?"

"கரட்டுப்பட்டி பக்கம்ங்க. ஒரு விவசாயி." மூக்கால் வந்த குரல்.

"வணக்கம் நேயரே. சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கெழம மழ இருக்குமாங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"கடல புடுங்கிப் போட்டுருக்கேன். காயணும்."

நாகஜோதி தூணைப் பிடித்துக்கொண்டாள். கடலையா? அவர்கள் கடலை விதைத்து மூன்று வருஷம் ஆகிறது.

"போன வாரம் கத்தரின்னீங்க, அதுக்கு முந்துன வாரம் மல்லிச்செடின்னீங்க. கடல எப்ப நேயரே போட்டீங்க?"

"அது ஒரு ஓரமா, தனியா ஒரு துண்டு. சொல்ல விட்டுப்போச்சு."

"சரி. ஞாயித்துக்கெழம எந்நேரம் காயணும்?"

"ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ளங்க."

"அதென்ன கடலைக்குக் கணக்கா ஒம்போது, பத்தர?"

"அதுதாங்க நல்ல நேரம்." இருமல் கேட்டது. "நல்ல வெயில் நேரம்."

"எங்க காயப் போடுறீங்க? களத்துலயா?"

"சோணையா கோயில் முன்னாடிங்க. பந்தல் போட்டு."

பந்தல் போட்டு நிழலில் கடலை காய வைக்கும் விவசாயியைத் தமிழ்நாடு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டது. டீக்கடைப் பக்கமிருந்து யாரோ பெருஞ்சிரிப்பு சிரிப்பது தோட்டம் வரைக்கும் வந்தது. நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கரித்தது. வறட்டுக் கௌரவம் பிடித்த இந்த மனுஷன், நாலு வருஷம் கழித்து, அண்ணனுக்கு நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லிவிட்டான். வா என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி.

"எம்புட்டுக் கடல நேயரே?" அழகுபாண்டியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க." மறுபடி இருமல். "ஒரு மூட்டதான்."

ரேடியோ பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. ரேடியோவில் மூன்று விநாடி சும்மா இருப்பது வீட்டில் மூன்று நாள் பேசாமலிருப்பதற்குச் சமம்.

"மழைக்கு வாய்ப்பு கம்மிதான். ஆனா ஞாயித்துக்கெழம காலையில..." அழகுபாண்டி நிறுத்தினான். "ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன் நேயரே. சாயந்தரம் சந்தை நிலவரத்துல பதில் சொல்றேன். கேளுங்க."

விளம்பரம் வந்தது. ஐந்தாவது நிமிஷம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

நல்லகாமன் தோளில் மண்வெட்டியோடு, எதுவுமே நடக்காத முகத்தோடு வந்தான்.

"ஏங்க, நம்ம எப்ப கடல போட்டோம்?"

"யாரு போட்டா?"

"ரேடியோவுல எவரோ கரட்டுப்பட்டிக்காரரு பேசுனாரு."

"ஊருக்குள்ள எவனாச்சும் போட்டுருப்பான். எனக்கென்ன தெரியும்?"

நாகஜோதி தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "இன்னும் மூணு நாள்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து போயி, வெத்தல பாக்கு வச்சு, ஒரு வார்த்த கூப்பிட்டுட்டு வந்துருவோம். அம்புட்டுத்தான். அண்ணன் ஒண்ணும் மாட்டேன்னு சொல்லாது."

"நான் எதுக்குப் போகணும்? அன்னைக்கு வராமப் போனது அவரு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். இன்னொண்ணு கேளு ஜோதி. போறவன் வர்றவனையெல்லாம் மாப்ளங்கிறாரு. என்னைய மட்டும் நேயரேங்கிறாரு. மனுக் குடுக்க வந்தவன் மாதிரி. எனக்கு எப்பிடி இருக்கும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மண்வெட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"உங்களையா? உங்களை யாரு நேயரேன்னது?"

"யாரோ ஒரு விவசாயிய. அவன் எடத்துல இருந்து யோசிச்சுச் சொன்னேன்" என்றபடி நல்லகாமன் கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனான். அத்தனை வேகமாக அவன் வேலைக்குப் போய் அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் மாமியார் ரெங்கம்மாள் போனும் கையுமாக நின்றாள். அவளுக்கு எதுவும் நேரத்தில் நடந்தாக வேண்டும்.

"ஜோதி, காளைகிட்ட சொல்லிட்டேன். கப்பலூர்ல பட்டறையில இருந்தான். சந்தோசமா வாரேன்னுட்டான். சீரு செனத்தியெல்லாம் அவன் பொறுப்பு. இன்னைக்கே பிளக்சுக்குச் சொல்றானாம், பன்னெண்டு அடி."

"அத்த! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எதக் கேக்கச் சொல்ற? ஒங்கண்ணனக் கூப்பிட எம்மகன் போக மாட்டான். கூப்பிடாம ஒங்கண்ணன் வர மாட்டாரு. பிள்ளய யாரு மடியில உக்கார வைக்கிறது, அம்மிக்கல்லுலயா?"

ரெங்கம்மாள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் நாகஜோதிக்குப் பெரிய கஷ்டம். காளையும் நல்லவன். அன்றைக்கு முகூர்த்தம் தவறிவிடும் என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "பிள்ளயக் குடுங்க" என்று மடியை விரித்தவன் அவன்தான். ஆனால் அவளுக்கு அண்ணன் வேண்டும். தன் மகள் காது வலித்து அழும்போது அழகுபாண்டியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

பத்து மணிக்கு, "பிள்ள பாவாட தச்சுருச்சான்னு டவுனுக்குப் போயி பாத்துட்டு வாரேன் அத்த" என்று கிளம்பினாள். பைக்குள், பர்ஸுக்கும் குடைக்கும் நடுவில் ஒரு பத்திரிகை இருந்தது.

பஸ்ஸில் ஆரப்பாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கே.கே. நகர். பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டாவது மாடியில் ஏழூர்ப் பண்பலை. அண்ணன் இங்கே சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவள் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட வேண்டுமா என்று தெரியாமல் விட்டுவிட்டு வந்தாள். தரை ஐஸாகக் குளிர்ந்தது.

காதில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். "யாருக்கா வேணும்?"

"அழகுபாண்டி. நான் கரட்டுப்பட்டியில இருந்து வாரேன்."

அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. "கடலக்காரரு வீடா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான் ஜெயக்கொடி. சாரோட நிகழ்ச்சிக்கு நான்தான் ஒலிப்பதிவு, போன் லைன் எல்லாம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்க்கா. வியாழக்கெழம ஆறு இருவத்தஞ்சுக்கு வேற யாரு கூப்பிட்டாலும் லைனைக் குடுக்கக் கூடாதுன்னு சார் எழுதியே ஒட்டி வச்சிருக்காரு. பாருங்க."

மேஜை விளிம்பில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அண்ணனின் கோணல் எழுத்து. 'வியாழன் 6.25. க.பட்டி. காத்திருக்கவும்.' ஓரங்கள் அழுக்கேறி, மேலே புது டேப் போட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

"ஒரு வியாழக்கெழம கால் வரல. மூணு பாட்டு போட்டுக் காத்திருந்தாருக்கா. கடைசியா, மனுசனுக்கு ஒடம்புக்கு முடியலயோன்னாரு. அன்னைக்குப் பூராம் காப்பிகூடக் குடிக்கல."

அந்த வாரம் நல்லகாமனுக்குக் காய்ச்சல். நாகஜோதிக்கு நினைவிருந்தது.

"அண்ணன் எங்க?"

ஜெயக்கொடி கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் மேலாளர் அறை. அழகுபாண்டி நின்றுகொண்டிருந்தான். நாலு வருஷத்தில் நெற்றி ஏறியிருந்தது, காதோரம் வெளுத்திருந்தது. ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. குரலால் பிழைக்கிற அண்ணனைக் குரலில்லாமல் பார்ப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"காலையில நிகழ்ச்சி முடிஞ்சதுல இருந்து லீவு கேட்டுக்கிட்டு இருக்காரு. மூணாவது தடவையா உள்ள நிக்கிறாரு" என்றாள் ஜெயக்கொடி. "ஞாயித்துக்கெழம ஒலிபரப்ப நான் பேசுறேன்னு சொல்லிட்டேன். மேலாளர் ஒத்துக்கல. விளம்பரம் குடுக்குறவங்க சார் குரலுக்குத்தான் குடுக்குறாங்களாம். அன்னைக்கு அவரு இல்லன்னா அடுத்த மாசத்துல இருந்து வெள்ளாமை நேரத்துக்கு வேற ஆளுன்னு சொல்லிட்டாராம்."

நாகஜோதி பையைத் திறந்தாள். பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை விரலில் பட்டது. இதை இப்போது நீட்டினால் அண்ணன் வாங்கிக்கொள்வான், வரவும் செய்வான். ஆனால் அது தங்கச்சி திருட்டுத்தனமாக வந்து கூப்பிட்டதாக இருக்கும். துண்டைச் சுற்றிக்கொண்டு வாரா வாரம் மோட்டாரை நிறுத்தின மனுஷன் நாளைக்குச் சபையில் தலைகுனிந்து நிற்பான். முறை என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து தாம்பாளம் நீட்ட வேண்டும். இரண்டு பேரும் இத்தனை தூரம் வந்துவிட்டார்கள். குறுக்கே விழுந்து இதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"சாரைக் கூப்பிடவாக்கா?"

"வேணாம் தாயி. நான் வந்தேன்னே சொல்லாதீங்க."

பையை மூடிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆரப்பாளையம் வரைக்கும் அழுதாள். பாவாடை வாங்க மறந்து, மறுபடி தையற்கடைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

சாயந்தரம் ஐந்தே முக்காலுக்குச் சந்தை நிலவரம். வழக்கமாக அந்நேரம் நல்லகாமன் டீக்கடையில் இருப்பான். இன்றைக்கு மாட்டுக்கொட்டகையில், ரேடியோவுக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஏற்கெனவே நறுக்கி வைத்திருந்த சோளத்தட்டையை மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் வந்து நின்றாள். நாகஜோதி கொட்டகை வாசலில் மகளுக்குத் தலை சீவினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மல்லி விலை சொன்னான் அழகுபாண்டி. தக்காளி சொன்னான், வெங்காயம் சொன்னான். அப்புறம் காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"காலையில கரட்டுப்பட்டியில இருந்து ஒருத்தரு கடலைக்கு மழ கேட்டாரு. பதில் சொல்லாம விட்டதுக்கு மன்னிக்கணும். ஞாயித்துக்கெழம காலையில மழ கெடையாது. தாராளமா பந்தல் போடலாம்."

நல்லகாமனின் அரிவாள் நின்றது.

"நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு கடல விசயத்துல நான் நேரத்துக்குப் போகல. வெள்ளம் வந்தது நெசம், நான் எந்திரிக்க முடியாததும் நெசம். ஆனா ஒரு பாட்டு ஓடுற நேரத்துல போனப் போட்டு, கொஞ்சம் பொறுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொன்னேன், வீட்டுக்குச் சொல்லல. அந்தத் தப்பு என்னோடது. இம்புட்டு நாளா இதச் சொல்ல வாய் வரல."

தமிழ்வாணி "மாமா" என்று ரேடியோவைக் காட்டினாள். அவள் பார்த்திராத மாமன். அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் மாமா என்று நாகஜோதி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அதனால ஞாயித்துக்கெழம நேரடி ஒலிபரப்புல நான் இருக்க மாட்டேன். ஜெயக்கொடி பேசும், நல்லாவே பேசும். எனக்குக் கடல காய வைக்கிற வேல இருக்கு."

நாகஜோதியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. மேலாளர் விடவில்லை. விட்டிருந்தால் இதை ரேடியோவில் சொல்ல வேண்டியதே இல்லை. ஒலிபரப்பில் போய்விட்டதை இனி யாரும் பிடித்து இழுத்து உள்ளே போட முடியாது என்று தெரிந்துதான் அண்ணன் சொல்கிறான். பதினாலு வருஷ வேலையை ஒரு மடிக்காகப் பணயம் வைத்துவிட்டான். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"கடைசியா ஒண்ணு. கடல காயப் போடுறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் ஒரு முறை இருக்கு. தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, புருசனும் பொஞ்சாதியும் சேந்து ஒத்தக்கட பக்கம் ஒரு எட்டு வரணும். அத மட்டும் செஞ்சிரு மாப்ள. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பாட்டு வந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

நல்லகாமன் குனிந்தபடியே இருந்தான். தட்டை நறுக்கினால் தூசி கண்ணில் விழுவது சகஜம்தான். ஆனால் இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் விழாது.

"எல்லாரையும்தான் மாப்ளங்கிறாரு" என்றான், கரகரத்த குரலில். "அதுல என்ன இருக்கு."

"ஒண்ணும் இல்லதான்" என்றாள் நாகஜோதி.

அவன் எழுந்தான். தொட்டியில் முகத்தைக் கழுவினான். "அந்தத் தாம்பாளம் எங்க கெடக்கு? தேய்க்காமக் கருத்துப்போயி இருக்கும்."

"தேச்சு வச்சிருக்கேன். இதோட நாலு வியாழக்கெழமயா தேய்க்கிறேன்."

நல்லகாமன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் பதினோரு வருஷமாக அந்த முரட்டு மனுஷனோடு குப்பை கொட்டுகிறாள். "கிளம்பு புள்ள. பொழுதடையிறதுக்குள்ள ஒத்தக்கட போயிறலாம்."

"அப்ப காளைக்கு என்னடா சொல்றது?" என்று கேட்டாள் ரெங்கம்மாள். பைக்கைத் துடைக்கிற வேலையில் நல்லகாமனுக்குக் காது கேட்கவில்லை.

வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. தாம்பாளத்தை மடியில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் துண்டால் மூடி, நாகஜோதி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மனசு நிறைந்திருந்தது. பழகின வழிகூட அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பது போலப் பளிச்சென்று தெரிந்தது.

ஊருக்கு ரோடு பிரியும் விலக்கு வரைக்கும்தான் அது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இரண்டு கம்பத்துக்கு நடுவே பன்னிரண்டு அடி பிளக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கூலிங்கிளாஸ் போட்ட காளை, வெள்ளை வேட்டியில், கும்பிட்டபடி சிரித்தான். தலைக்குமேல் சிவப்பு எழுத்தில்: 'மருமகளை மடியேந்த வருகிறார் தாய்மாமன் காளை!' ஓரத்தில் தமிழ்வாணியின் படம். அதையும் எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தான்.

கீழே நிஜக் காளை ஒரு பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பட்டறை அழுக்குச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"மாப்ள! ஜோதி! எப்பிடி இருக்கு? பாதி நாளுல அடிச்சு வாங்கிட்டேன் பாத்தியா?" அவன் முகமெல்லாம் சந்தோஷம். "ஆமா, எங்க கிளம்பிட்டீங்க?"

நல்லகாமன் பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி நின்றான். "நல்லாருக்கு மச்சான். சும்மா இப்பிடி, கடல விசயமா..." என்று இழுத்தான். கை ஆக்ஸிலரேட்டரைத் தேடியது. ஒரு முறுக்கு முறுக்கினால் போய்விடலாம்.

நாகஜோதிக்கு அண்ணன் காலையில் நின்ற கண்ணாடி அறை நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு சத்தமும் வெளியே வராமல் மூன்று தடவை கேட்டுக்கொண்டு நின்றான். நாலு வருஷமாக அவளும் அப்படித்தான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். துண்டு சுற்றிப் பேசுவதெல்லாம் ஆம்பிளைகளோடு போகட்டும்.

வண்டியை விட்டு இறங்கினாள். தாம்பாளத்தின் மேலிருந்த துண்டை எடுத்தாள்.

"காளண்ணே, அன்னைக்கு எம்மகனுக்கு மடி குடுத்தது நீ. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமயும் நீ மொத ஆளா வந்து நிக்கணும். ஆனா எம்மக உக்காரப் போறது எங்கூடப் பெறந்தவன் மடியில. நாங்க அவனக் கூப்பிடத்தான் போறோம்." பிளக்ஸைக் கையால் காட்டினாள். "இந்தப் படத்த எறக்கிருண்ணே."

காளை வெற்றிலையைப் பார்த்தான். பழத்தைப் பார்த்தான். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்தான். பிறகு மேலே, கூலிங்கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்த தன்னையே அண்ணாந்து பார்த்தான். டீக்கடை பெஞ்சிலிருந்து நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

காளை கயிற்றை இழுக்கவில்லை. விடவும் இல்லை.